அந்தப் பெண் ஏன் எதிர்ப்பக்கம் போனார்?

ராத்திரி பத்தரை மணி இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் வேகமாக நடக்கிறவன், அதனால் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவர் முழுதாகத் திரும்பாமல் தோளை மட்டும் லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் வலது கை பைக்குள் போனது. நடை கூடியது. சீக்கிரம் தாண்டிப் போய்விட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்குமே என்று நானும் வேகத்தைக் கூட்டினேன். இதைவிட முட்டாள்தனமான யோசனை இருக்க முடியாது என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. "பயப்படாதீங்க, நான் வீட்டுக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஆளில்லாத தெருவில் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் "பயப்படாதீங்க" என்றால் பயப்படாமல் என்ன செய்வது? அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன செய்தேன்? என் பெயர் தெரியாது, என் குணம் தெரியாது, ஆண் என்கிற ஒரே காரணத்துக்காக என்னை அபாயம் என்று முடிவுகட்டிவிட்டாரே. ஒருவரை அவர் பிறந்த கூட்டத்தை வைத்து எடைபோடுவதைத்தானே மற்ற எல்லா இடத்திலும் தப்பு என்கிறோம்? இதற்கு மட்டும் என்ன விலக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே "ஆம்பளைங்க புத்தி" என்று ஒரு பக்கமும் "எல்லா ஆண்களும் அப்படியில்லை" என்று இன்னொரு பக்கமும் சண்டை ஆரம்பித்துவிடும். ஆனால் கேள்வி நியாயமானது, அதற்கு நிதானமான பதிலும் இருக்கிறது. முதல்முறையாக யோசிக்கிறவர்களுக்காக அடியிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று சொற்கள்

தமிழில் இதைப் பேச மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறோம்: முன்முடிவு, தப்பெண்ணம், பாரபட்சம். மூன்றும் ஒன்றல்ல. ஆளைப் பார்க்கும் முன்பே மனதில் ஒரு கணக்கு இருந்தால் அது முன்முடிவு. அந்தக் கணக்கு தப்பாகவும், கூடவே வெறுப்போடும் இருந்தால் தப்பெண்ணம். அதை வைத்து ஒருவருக்குக் கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்தால் பாரபட்சம். முதலாவது தலைக்குள் நடப்பது, கடைசியானது வெளியே இன்னொருவர் தலையில் விடிவது.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954ல் தப்பெண்ணத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றும் பாடங்களில் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். அவர் சொன்னதைச் சுருக்கினால் அதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. வெறுப்பு இருக்க வேண்டும், அந்த வெறுப்பு பிழையான பொதுமைப்படுத்தலின் மேல் நிற்க வேண்டும், எவ்வளவு சான்று காட்டினாலும் அந்தப் பொதுமைப்படுத்தல் வளைந்துகொடுக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தப்பாக நினைப்பது எல்லோருக்கும் நடக்கும். திருத்திக்கொள்ள மறுப்பதுதான் வியாதி.

சரி, இதை அந்தத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போவோம். அவர் என்னை வெறுத்தாரா? தெரியவில்லை, ஆனால் வெறுக்கத் தேவையே இல்லை. எல்லா ஆண்களும் தாக்குவார்கள் என்று நம்பினாரா? அதுவும் தேவையில்லை. "யார் தாக்குவார், யார் தாக்கமாட்டார் என்று எனக்குத் தெரியாது" என்பது மட்டும் போதும், எதிர்ப்பக்கம் போவதற்கு. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை என்பார்களே, அந்த நிலை. இருட்டில் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு போகிறவர் கயிற்றை அவமதிப்பதாக யாரும் சொல்லமாட்டோம். (கயிற்றுக்கு மனசு கிடையாது, எனக்கு உண்டு. அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.) வளைந்துகொடுக்குமா? விளக்கு வெளிச்சத்தில் நான் அவருடைய அலுவலகத்தில் வேலை செய்கிறவன் என்று தெரிந்திருந்தால் அநேகமாக நின்று பேசியிருப்பார். அப்படியென்றால் அது இறுகிப்போன கருத்தில்லை, தகவல் இல்லாதபோது எடுத்த எச்சரிக்கை.

ஒரு பானை சோறும் ஆயிரம் ஆண்களும்

எண்களுக்கு வருவோம். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019ல் வெளியிட்ட கொலைகள் பற்றிய உலக ஆய்வின்படி, கொலைக்குச் சந்தேகிக்கப்படுகிறவர்களில் 100க்கு சுமார் 90 பேர் ஆண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது: உலகத்தில் மூன்றில் ஒரு பெண், அதாவது சுமார் 73.6 கோடிப் பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது கணவர் அல்லது துணையின் அடியையோ பாலியல் வன்முறையையோ, அல்லது வேறொருவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார்கள். ஆக, பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, படித்தவர்களும் விழுகிற பொறி. "வன்முறை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்" என்பது ஒரு வாக்கியம். "ஆண்களில் பெரும்பாலோர் வன்முறை செய்கிறவர்கள்" என்பது முற்றிலும் வேறு வாக்கியம். முதலாவது உண்மை என்பதற்காக இரண்டாவது உண்மையாகிவிடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, ஏனென்றால் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் வெந்தது. மனிதர்கள் அப்படி வேகவில்லை. தெருவில் எதிர்ப்படுகிற ஆயிரம் ஆண்களில், ஒரு பேச்சுக்குப் பத்துப் பேர் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 990 பேர் தன் பாட்டுக்குப் போகிறவர்கள்தான். "எல்லா ஆண்களும் அப்படியில்லை" என்று சொல்கிறவர் கணக்குப்படி சரியாகத்தான் சொல்கிறார்.

பிறகு ஏன் அந்தப் பதில் பெண்களுக்கு எரிச்சல் மூட்டுகிறது? ஏனென்றால் அவர்கள் கேட்டது அந்தக் கேள்வியே இல்லை. எத்தனை பேர் கெட்டவர்கள் என்பதைவிட, தப்பாகக் கணித்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. புகை எச்சரிக்கைக் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கொஞ்சம் கருகினாலும் அலறும், எரிச்சலாக இருக்கும், ஆனால் யாரும் அதைக் கழற்றிவிடுவதில்லை. நூறு முறை வெட்டியாக அலறட்டும், வீடு பற்றியெரியும் அந்த ஒரு தடவை அது வாயை மூடிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. ராண்டால்ஃப் நெஸ்ஸி என்கிற மனநல மருத்துவர் நம்முடைய பதற்றமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று விளக்கி, இதே கருவியின் பெயரையே அந்தக் கருத்துக்கு வைத்தார். நான் நல்லவனாக இருந்து அவர் எதிர்ப்பக்கம் போனால், இழப்பு என் மனதில் ஒரு கீறல். நான் கெட்டவனாக இருந்து அவர் போகாமல் விட்டிருந்தால்? இரண்டு தவறுகளும் ஒரே எடையில்லை.

முள்மேல் சேலை விழுந்தாலும் சேலைமேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்று சொல்லிச் சொல்லியே பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். எனக்கு அந்தப் பழமொழியே பிடிக்காது, முள்ளை ஒரு வார்த்தை கேட்காமல் சேலையை மட்டும் ஒதுங்கச் சொல்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒதுங்கு என்று சொல்லிக்கொடுத்த அதே வாய்தான், அவள் உண்மையிலேயே ஒதுங்கினால் "எங்களைப் பார்த்தா பொறுக்கி மாதிரி தெரியுதா" என்று கோபித்துக்கொள்கிறது. பெண்ணுக்குரிய நாற்குணத்தில் முதலாவதாக அச்சத்தை வைத்துவிட்டு, அவள் அச்சப்பட்டால் நமக்கு அவமானமாம்.

அக்காவின் பட்டியல்

அன்றைக்கு நடந்ததை மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே, "பைக்குள்ள சாவி தேடியிருப்பா" என்றாள். சாவியா? வீட்டுச் சாவியை எடுத்து எனக்குக் காட்டினாள். கொத்து உள்ளங்கைக்குள், ஒவ்வொரு சாவியும் விரலிடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. "இப்படிப் பிடிச்சுக்கிட்டுதான் நான் காலேஜ்லேருந்து வருவேன்." எத்தனை வருஷமாக? "எல்லா வருஷமும்."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பது கிடையாது, ஒரு காது எப்போதும் திறந்திருக்கும். டாக்சியில் ஏறினால் அந்தப் பக்கம் யாருமே இல்லாவிட்டாலும் போனில் "இதோ பத்து நிமிஷத்துல வந்துடுவேன், வாசல்லயே நில்லுங்க" என்று சத்தமாகப் பேசுவது. லிஃப்டில் ஓர் ஆண் மட்டும் இருந்தால் போனைப் பார்ப்பதுபோல் நின்று அடுத்ததற்குக் காத்திருப்பது. தனியாகத் தங்கினால் யாருக்காவது கதவு திறக்கும்போது உள்பக்கம் பார்த்து "ஏங்க, யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுப்பது. ஒரே வீட்டில் வளர்ந்தோம். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு இது பெரிய பயம் என்றுகூடத் தோன்றவில்லை, மழைக்காலத்தில் குடை எடுத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னாள்.

குற்றவியலில் இதையொட்டி ஒரு பழைய புதிர் உண்டு. கொலையாகிறவர்களில் 100க்கு சுமார் 80 பேர் ஆண்கள். தெருவில் அடிதடியில் சிக்குகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் ராத்திரி தனியாக நடக்கப் பயமா என்று கேட்டால் அதிகமாகத் தலையாட்டுகிறவர்கள் பெண்கள். அப்படியானால் பெண்கள் தேவைக்கு மீறிப் பயப்படுகிறார்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயா?

கென்னத் ஃபெராரோ என்கிற சமூகவியலாளர் 1996ல் இதற்கு ஒரு விடை வைத்தார். பெண்களுக்குப் பாலியல் வன்முறை பற்றிய பயம் மற்றக் குற்றங்களின் மேலும் நிழல்போல விழுகிறது என்றார். ஆணிடம் பர்ஸைப் பறிக்க வருகிறவன் பர்ஸைப் பறிக்க வருகிறவன்தான். பெண்ணிடம் வருகிறவன் பர்ஸோடு நிற்பானா என்பது அவருக்குத் தெரியாது. இதோடு நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். பின்தொடர்வது, உரசுவது, காதில் விழும்படி எதையாவது சொல்லிவிட்டுப் போவது, இதெல்லாம் பெரும்பாலும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை, ஆனால் பயம் அதிலிருந்துதான் பாடம் படிக்கிறது. இரண்டாவது, அக்காவின் அந்தப் பட்டியலே குற்ற எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். குடை பிடித்துக்கொண்டு நடந்தவர் நனையவில்லை என்பதை வைத்து மழையே பெய்யவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

பயம் தப்பான ஆளைக் காட்டுகிறதா?

இதுவரை எழுதியதைப் படித்துப் பெண் வாசகர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனி வருவது கொஞ்சம் சங்கடமான பகுதி.

ஐ.நா. கணக்குப்படி 2023ல் உலகெங்கும் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அதில் 51,100 பேரைக் கொன்றது கணவரோ துணையோ குடும்பத்தில் ஒருவரோ. நாளொன்றுக்கு சராசரியாக 140 பேர். அதாவது புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதாக இருந்தால், தெருவில் பின்னால் வருகிற என்னைப் பார்த்து அல்ல, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே இருப்பவரைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஆனால் பயம் அப்படி வேலை செய்வதில்லை. முன்பின் தெரியாதவன், இருட்டு, ஒதுக்குப்புறம் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். தெரிந்தவரைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, எச்சரித்தால் குடும்பத்துக்குள் குழப்பம். ஆகவே "என் பயம் வெறும் அனுபவக் கணக்கு" என்று சொல்வதும் முழு உண்மையில்லை. பயத்துக்கும் பாடத்திட்டம் உண்டு, அதை யாரோ எழுதியிருக்கிறார்கள்.

யாரோ எழுதிய பாடத்தில் யாருடைய வெறுப்போ ஒளிந்திருக்கலாம் இல்லையா? "ஆண்களைப் பார்த்தால் பயம்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, எல்லா ஆண்களைப் பார்த்துமா? இஸ்திரி போட்ட சட்டைக்காரரையும் அழுக்கு லுங்கிக்காரரையும் பார்த்து ஒரே அளவு பயமா வருகிறது? நம் மொழி பேசுகிறவரையும் வேறு மொழி பேசுகிறவரையும் பார்த்து? கொஞ்சம் யோசித்தால் நெளியவேண்டியிருக்கும். பிரென்ட் ஸ்டேபிள்ஸ் என்கிற கறுப்பினப் பத்திரிகையாளர் 1986ல் எழுதினார். சிகாகோவில் மாணவராக இருந்தபோது ராத்திரி நடக்கப் போனால், முன்னால் போகிற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடுவார். பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விவால்டியின் இசையை விசிலடித்துக்கொண்டே நடந்தார். மேற்கத்திய செவ்வியல் இசை தெரிந்தவன் கத்தி எடுக்கமாட்டான் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு. பதற்றம் தணிந்துவிடும். அதே ஆள், அதே உயரம், அதே இருட்டு.

அங்கே பெண்கள் பயந்தது ஆணுக்கா, கறுப்பினத்தவருக்கா? இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் விளைவு விளையாட்டில்லை. 1931ல் அமெரிக்காவின் அலபாமாவில், ரயிலில் போன ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வன்புணர்வுக் குற்றம் சாட்டினார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி முன்னால் அவசர அவசரமாக விசாரணை நடந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அந்தப் பெண்களில் ஒருவரே அது பொய் என்று நீதிமன்றத்தில் சொன்னார். தண்டனை நிறைவேறவில்லை என்றாலும் பல பேருடைய இளமை சிறையிலேயே போனது. ஒரு பெண்ணின் பயம் எப்போது உடனே நம்பப்படுகிறது, எப்போது "நீ ஏன் அந்நேரத்துக்கு அங்கே போனாய்" என்று திருப்பிக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும்.

"ஆண் என்ற இடத்தில் வேறொன்றைப் போட்டுப் பார்"

விவாதங்களில் வருகிற வலுவான வாதம் இதுதான். ஒருவர் "இந்த இனத்து ஆட்களைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன், குற்றக் கணக்கைப் பாருங்கள்" என்றால் நாம் சும்மா விடுவோமா? மாட்டோம். அப்படியிருக்க ஆண்களுக்கு மட்டும் ஏன்? இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களை நான் நம்புவதில்லை, யோசிக்காமல் தள்ளுகிறார்கள்.

என் பதில் இது. இன வித்தியாசங்களாகக் காட்டப்படும் குற்றக் கணக்குகளைக் கொஞ்சம் கிளறினால் வறுமை, வசிக்கும் இடம், போலீஸ் யாரை அதிகம் பிடிக்கிறது என்பவையெல்லாம் அடியில் கிடக்கும். நாடு மாறினால், காலம் மாறினால் கணக்கும் மாறும். ஆண் பெண் வன்முறை வித்தியாசம் அப்படியில்லை, எந்த நாட்டை எடுத்தாலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னொன்று, ஆண்கள் ஒடுக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்ட கூட்டமில்லை. ஒரு பெண் சாலையைக் கடந்ததால் எனக்கு வேலையோ வாடகைவீடோ கிடைக்காமல் போகவில்லை. இன வெறுப்பு அப்படிப் பறித்த வரலாறு கண்ணெதிரே இருக்கிறது.

இதோடு முடித்துவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஜான் ஹோப் ஃப்ராங்க்ளின் என்று ஒரு பெரிய கறுப்பின வரலாற்றாசிரியர். 1995ல் அமெரிக்க அதிபர் கையால் நாட்டின் உயரிய விருதை வாங்குவதற்கு முந்தின நாள் ராத்திரி, வாஷிங்டனில் தான் உறுப்பினராக இருந்த காஸ்மாஸ் கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைக் கூப்பிட்டு, டோக்கனை நீட்டி, தன் கோட்டை எடுத்துவரச் சொன்னார். அவருக்கு வயது 80. அந்த கிளப்பில் அப்போது கறுப்பினத்தவர்கள் பெரும்பாலும் பணியாளர்களாகத்தான் இருந்தார்கள், அந்தப் பெண்ணின் கணக்கு புள்ளிவிவரப்படி சரி. இருந்தாலும் அது அவமானம்தான், அதை யாராவது மறுக்க முடியுமா? தத்துவத் துறையில் இந்தச் சம்பவத்தை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பகுத்தறிவுக்குப் பொருந்தும் ஊகம்கூட ஒரு மனிதரைக் காயப்படுத்தலாம் என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் எதிர்ப்பக்கம் போனவருக்கும் கோட்டுக்கு டோக்கன் நீட்டியவருக்கும் என்ன வேறுபாடு? டோக்கன் நீட்டியவர் கொஞ்சம் பொறுத்திருந்து, சீருடை போட்டவர் யார் என்று பார்த்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தெருவில் நடந்தவருக்குப் பொறுத்துப் பார்ப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. அதோடு, அவர் எடுத்துக்கொண்டது தன்னுடைய கால்களை மட்டும். என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, என்னிடம் எதையும் ஏவவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நிறுவனங்களுக்குப் போனால் படம் மாறிவிடும். துணையின்றிப் பயணம் செய்யும் குழந்தைகளின் பக்கத்தில் ஆண்களை உட்காரவைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரு விதி இருந்தது. 2009ல் ஒருவர் கர்ப்பிணியான தன் மனைவியோடு இருக்கையை மாற்றிக்கொண்டதில் ஒரு சிறுவனுக்கு அருகில் உட்கார நேர்ந்தது. பணியாளர்கள் வந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும். அவர் வழக்குப் போட்டார், 2010ல் நிறுவனம் அது பாலினப் பாகுபாடு என்று ஒப்புக்கொண்டது, விதியும் மாற்றப்பட்டது. அந்த வழக்கில் நான் அவர் பக்கம்தான். ஒரு நிறுவனத்துக்கு இருட்டுத்தெருவும் கிடையாது, இரண்டு நொடிப் பதற்றமும் கிடையாது. உட்கார்ந்து யோசித்து, குழந்தையை விமானப் பணியாளர்களுக்குப் பக்கத்தில் வைப்பது மாதிரி யாரையும் கேவலப்படுத்தாத வழிகளைத் தேட அதற்கு நேரமும் பணமும் உண்டு.

கார் இன்சூரன்ஸும் இப்படித்தான். இளம் ஆண்கள் அதிகம் விபத்து செய்கிறார்கள் என்று அவர்களிடம் அதிகப் பிரீமியம் வாங்கினார்கள், கணக்கு பொய்யில்லை. ஆனால் 2011ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஆணா பெண்ணா என்பதை வைத்துப் பிரீமியம் போடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒழுங்காக வண்டி ஓட்டுகிற ஒரு பையன், மற்றப் பையன்களின் தப்புக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

கரடி

2024ல் இணையம் முழுக்க ஒரு கேள்வி சுற்றியது, ஞாபகம் இருக்கும். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் கூட இருப்பது முன்பின் தெரியாத ஓர் ஆணாக இருக்கலாமா, கரடியாக இருக்கலாமா? நிறையப் பெண்கள் கரடி என்றார்கள், ஆண்கள் கொதித்தார்கள். கணக்காகப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. ஒரு பெண் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஆண்களைக் கடந்து போகிறார், ஒன்றும் நடப்பதில்லை. நூறு கரடிகளைக் கடந்து போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் கணக்குச் சொல்ல வரவில்லை. கரடி கடித்தால் ஊர் நம்பும், நீ சிரித்துப் பேசினாயா என்று கரடி விஷயத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைத்தான் பலர் சொன்னார்கள். அதைப் புள்ளிவிவரத்தால் மடக்கிவிட்டதாக நினைத்த ஆண்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருந்தாலும் எனக்கு அந்த வேடிக்கையில் ஒரு பகுதி பிடிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பக்கம் போகிறவர் பயத்தால் போகிறார். சபையில் பத்துப் பேர் நடுவில் "எல்லா ஆண்களும் மிருகம்தான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவருக்கு அந்த நேரத்தில் பயம் எதுவும் இல்லை. பயம் தன் வேலை முடிந்ததும் அடங்கிவிடும், தப்பெண்ணத்துக்கு மேடை வேண்டும். அங்கே ஆல்போர்ட் சொன்ன அந்த இறுக்கம் வந்து சேர்கிறது. வகுப்பில் வாயே திறக்காத பையனைப் பார்த்து "இவனும் வளர்ந்தா அப்படித்தான்" என்று ஆசிரியை சொன்னால் அது எச்சரிக்கையில்லை. மழலையர் பள்ளியில் வேலைக்கு வருகிற ஆணை எந்தக் காரணமும் இல்லாமல் சந்தேகத்தோடு பார்ப்பது, அடிபட்டு வருகிற ஓர் ஆணிடம் "உன்னைப் போய் யார் அடிப்பா" என்று சிரிப்பது, இதெல்லாம் அந்த வகை. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் அதிகம் என்பது தனிக்கதை.

என் சுருக்கென்ற உணர்வுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். அது நிஜம், அதை வெட்கப்பட்டு மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? எனக்கு முன்னால் நடந்தவரிடமா, எனக்கு முன்னால் இதே தெருவில் வந்து அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவனிடமா? இப்போதெல்லாம் ராத்திரி முன்னால் யாராவது பெண் போனால் நானே எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறேன். இல்லாவிட்டால் நின்று போனில் யாரிடமாவது வீட்டு விஷயம் பேசுவேன், வளவளவென்று. எனக்கு அரை நிமிஷம் போகிறது, அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு இப்போது பதினைந்து வயது. ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டான், குரலும் உடைந்துவிட்டது, ஆனால் முகம் இன்னும் குழந்தை முகம்தான். போன வாரம் டியூஷன் முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். லிஃப்டில் ஓர் ஆன்ட்டி இருந்தார்களாம், இவன் உள்ளே நுழைந்ததும் வெளியே போய்விட்டார்களாம். "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து வந்து, அன்றைக்கு எனக்குக் காட்டியது மாதிரியே விரலிடுக்கில் வைத்துக் காட்டினாள். அவன் வாங்கித் தன் கையில் பிடித்துப் பார்த்தான், இறுக்கிப் பார்த்தான், பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"நீயும் இப்படித்தான் வருவியா?"

"ம்."

"இப்பவுமா?"

அக்கா சாவியை மறுபடி ஆணியில் மாட்டினாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவன், அறை வாசலில் திரும்பி நின்று, "அப்போ எத்தனை அடி தள்ளி நடந்தா அவங்களுக்குப் பயமா இருக்காது?" என்று கேட்டான். அக்கா என்னைப் பார்த்தாள்.